சுழலில் பிடித்த கை

ரேணுகாம்பாளுக்கு வயிறு எரிந்தது. காலையில் தின்றது சேராமல் அல்ல. மணவறைக்கு வருகிறவள் மாதிரி வலது காலை எடுத்து வைத்து வேனுக்குள் ஏறினாளே அபிதகுசாம்பாள், அவளைப் பார்த்துத்தான். கத்திரிப்பூ நிறப் பட்டு, கிளிப்பச்சைக் கரை, தலைப்பில் நாலு விரல் அகலத்துக்கு ஜரிகை. ரேணுகாம்பாள் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். தான் கட்டியிருப்பதும் அதே கத்திரிப்பூ, அதே கிளிப்பச்சை, அதே ஜரிகை.

"ஐய, அக்காவும் இதையே கட்டிகினு வந்துட்டாங்களே!" என்று அபிதா சிரித்தாள்.

வேனில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "ரெட்டைப் புள்ளைங்கடா சாமி!" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. ரேணுகாம்பாளும் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பை அவள் புருஷன், நெசவுக்கார லோகநாதன் பார்த்திருந்தால் அப்போதே வேனைவிட்டு இறங்கித் தறிக்குழியில் போய் உட்கார்ந்திருப்பான். அவனோ ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அது எண்பத்தொன்றாம் வருஷத்து ஆடி மாசம். ஆடியில் கல்யாணம் கிடையாது, தறிக்காரர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம். ஆரணி கொசப்பாளையத்தில் ஒரு தெருக்காரர்கள் கூடிப் பேசி ஒகேனக்கலுக்கு வேன் பிடித்திருந்தார்கள். அங்கே காவிரியில் தண்ணீர் நுங்கும் நுரையுமாக வருகிறதாம், பரிசலில் ஏறினால் அருவிக்கு அடியிலேயே கொண்டுபோய்ச் சுற்றிக் காட்டுகிறார்களாம். ஏற்பாடெல்லாம் அபிதாவின் புருஷன் வீரபாகு. ஜரிகைக் கடையில் வேலை பார்க்கிறவன். கழுத்தில் பர்மா பஜாரில் வாங்கிய கேமரா எப்போதும் தொங்கும். அதைத் துடைக்க மட்டும் தனியாக ஒரு மஞ்சள் துணி வைத்திருந்தான்.

ஆற்றுக்குப் போகிறவள் பட்டா கட்டுவாள் என்று கேட்டால், ஆரணியில் கட்டுவாள். அதுவும் முந்தின நாள் குழாயடியில், "அபிதா நாளைக்கு பட்டு கட்டிகினு வருதாம்" என்று காதில் விழுந்த பிறகு, நைலெக்ஸ் புடவையைச் சுற்றிக்கொண்டு போக ரேணுகாம்பாளுக்கு மானம் இல்லையா என்ன? என்ன பட்டு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதுதான் வந்த வினை.

இந்த எரிச்சல் நேற்று இன்று முளைத்ததும் இல்லை. லோகநாதனுக்கு முதன்முதலில் பெண் பார்க்கப் போனது பெரணமல்லூருக்கு. பெண் அபிதகுசாம்பாள். பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் ஆயிற்று, பெண்ணையும் பிடித்தது, ஜாதகம் மட்டும் ஒத்து வரவில்லை. அதற்கப்புறம்தான் சேத்துப்பட்டுக்கு வந்து ரேணுகாம்பாளைப் பார்த்துப் பூ வைத்தார்கள். அந்தப் பெரணமல்லூர்க்காரியோ ஊரில் வேறு தெருவே இல்லாத மாதிரி, வீரபாகுவைக் கட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். ஒல்லியாக, உயரமாக, சிரித்த முகமாக. இதையெல்லாம் மாமியார் கெங்கம்மாள் ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே போகிற போக்கில் சொல்லிவிட்டு மறந்தும் போனாள். கேட்டவள் மறக்கவில்லை. அன்றிலிருந்து எதிர்வீட்டு வாசலில் கோலம் கொஞ்சம் பெரிதாக விழுந்தால்கூட ரேணுகாம்பாளுக்குச் சோறு இறங்காது.

புடவைக் கதைக்கு வருவோம். தறியில் நீளவாட்டு நூலாக ஒரு பாவு ஏற்றினால் மூன்று புடவை விழும். கரை ஒன்று, நிறம் ஒன்று, மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ரேணுகாம்பாள் பிரசவத்துக்குச் சேத்துப்பட்டு போயிருந்த சமயத்தில் லோகநாதன் இந்தக் கத்திரிப்பூப் பாவை நெய்தான். முதல் புடவை முதலாளி கடைக்குப் போயிற்று. இரண்டாவதை வீரபாகு தன் பெண்டாட்டிக்கு என்று முதலாளியிடம் சொல்லி வைத்து வாங்கிக்கொண்டான். மூன்றாவதை லோகநாதன் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லித் தன் பெண்டாட்டிக்கு வைத்துக்கொண்டான். இரண்டும் குஞ்சம் கட்ட அபிதா வீட்டுக்கே போயின. அந்தத் தெருவில் தலைப்புக்குக் குஞ்சம் முடிவதில் அவள் விரலுக்கு ஈடு கிடையாது. இதை ரேணுகாம்பாளே ஒப்புக்கொள்வாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

பிள்ளையோடு திரும்பி வந்ததும் புடவையை வாங்கிவர அவளே போனாள். பாயின் மேல் இரண்டு புடவையும் மடித்து வைத்திருந்தது. "வலப்பக்கம் இருக்கறது உங்களுதுக்கா. உக்காருங்க, காபி போட்டுகினு வரேன்" என்று அபிதா அடுப்படிக்குப் போனாள். ரேணுகாம்பாள் வலப்பக்கத்துப் புடவையைத் தூக்கினாள். லேசாக இருந்தது. ஏதோ தோன்றி இடப்பக்கத்தையும் தூக்கினாள். அது கனம்! நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவளுக்குத் தராசு வேண்டுமா? இரண்டு கையிலும் ஏந்தி ஒரு தரம், கை மாற்றி ஒரு தரம் பார்த்தாள். சந்தேகமே இல்லை. அவளுக்கு என்று நெய்ததில் லோகநாதன் பட்டு நூலைக் குறைத்திருக்கிறான், அந்தச் சிரிப்புக்காரிக்குப் போவதில் முழுசாகக் கொட்டியிருக்கிறான்.

'அடப்பாவி மனுஷா! நான் அங்கே இடுப்பு நோவில் கத்திக்கொண்டிருக்கிறேன், நீ இங்கே இதையா செய்தாய்?' என்று அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அடுப்படியில் டம்ளர் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். கனமான புடவையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினாள், லேசானதை அபிதாவின் இடத்தில் நகர்த்தி வைத்தாள், காபிக்குக்கூட நிற்காமல் தெருவைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டாள். புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் மாற்றியதையும் சொல்ல வேண்டி வருமே.

இப்போது அந்தக் கனத்தைத்தான் உடம்பில் சுற்றிக்கொண்டு வேனில் வெந்துகொண்டிருந்தாள். கலசப்பாக்கம் தாண்டுவதற்குள் ரவிக்கை நனைந்துவிட்டது. செங்கத்தில் இறங்கிச் சோடா குடித்தும் அடங்கவில்லை. முன்சீட்டில் அபிதா காற்றில் தலைப்பு பறக்க ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். பறக்கட்டும், பட்டு இல்லாத புடவை பறக்கத்தானே செய்யும் என்று ரேணுகாம்பாள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஒகேனக்கல் வந்தது. எண்ணெய் மசாஜ்காரர்களும் மீன் வறுக்கிற வாசனையுமாக ஒரே கூட்டம். மாமியார் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "போறவங்க போயிட்டு ஜல்தியா வாங்க. எனக்கு இந்தத் தண்ணி சத்தமே பேஜாரா இருக்குது" என்று கரையில் ஒரு மரத்தடியைப் பிடித்து உட்கார்ந்தாள்.

பரிசல் துறையில் நிற்கும்போதே லோகநாதனின் முகம் வெளிறியது. பிறந்ததிலிருந்து அவன் பார்த்த ஆறு ஊரில் ஓடும் கமண்டல நாகநதி. அதில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் இருக்கும். இங்கே தண்ணீர் பாறைகளை அறைந்துகொண்டு வெள்ளை வெள்ளையாக நுரைத்துப் பாய்ந்தது. மூங்கிலில் முடைந்து, அடியில் தோல் கட்டித் தார் பூசிய பரிசலோ பெரிய கூடையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு.

"நான் வேணா கரையிலயே இருந்துக்கறேனே" என்றான்.

"எல்லாரும் போறாங்க, நீங்க மட்டும் இன்னா?" என்று ரேணுகாம்பாள் அவனை இழுத்தாள். அபிதா வீட்டு ஆம்பளை துள்ளிக்கொண்டு ஏறும்போது தன் வீட்டு ஆம்பளை கரையில் நிற்பதா?

ஒரு பரிசலுக்கு நாலு பேர். ரேணுகாம்பாள், அவளுக்கு வலப்பக்கம் லோகநாதன், எதிரே வீரபாகுவும் அபிதாவும். தெளிக்கும் தண்ணீருக்காகப் பெண்கள் இரண்டு பேரும் தலைப்பை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டார்கள். பரிசல் கரையை விட்டதுதான் தாமதம், லோகநாதன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பரிசல் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ரேணுகாம்பாள் அதைக் கவனிக்கவில்லை. அவள் கண் எதிரே இருந்தவள் மேலேயே இருந்தது.

அருவியின் இரைச்சல் காதை அடைத்தது. பாறைகளுக்கு நடுவில் தண்ணீர் சரிந்து இறங்குகிற இடத்துக்கு முன்னால் பரிசல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பரிசல்காரர் துடுப்பைப் பாறையில் ஊன்றி நிறுத்தினார்.

"அம்மா, நீங்க கொஞ்சம் கனமா இருக்கீங்க. இந்தப் பக்கமே ரெண்டு பேரு எடை ஏறுது. அந்த ஒல்லி அம்மா இங்க வரட்டும், நீங்க எதிர்ல போங்க. நிக்காதீங்க, குந்திகிட்டே நகருங்க!"

"நான் எங்கூட்டுக்காரரு பக்கத்துலதான் குந்துவேன்" என்றாள் ரேணுகாம்பாள்.

"பரிசல்ல புருஷன் பொண்டாட்டி பாக்க முடியாதும்மா. எடையைத்தான் பாக்கணும். கவுந்தா எல்லாரும்தான் போவோம்."

பிள்ளை பெற்ற உடம்பு, அவள் என்ன செய்வாள்? கனமா இருக்கீங்க என்று அபிதாவின் காதுபடச் சொல்லிவிட்டானே, அந்த வாயில் மண் விழ! தவழ்ந்தபடி எதிர்ப்பக்கம் போனாள். அபிதா சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் வந்து, லோகநாதனுக்குப் பக்கத்தில், சற்று முன்னால் அவள் இருந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

பரிசல்காரர் துடுப்பை எடுத்தார். பரிசல் சரிவில் இறங்கியது. அம்மாடியோ! தண்ணீர் தூக்கி ஒரு பாறைப் பக்கம் எறிந்தது, அங்கிருந்து தள்ளி நடுவில் விட்டது, அடுத்த நொடி ராட்டினம் மாதிரி பரிசல் சுற்றத் தொடங்கியது. எல்லோரும் அலறினார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் முகத்தில் வந்து மோதியது. ரேணுகாம்பாள் முகத்தை வழித்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள். அப்போதுதான் பார்த்தாள்.

லோகநாதனின் கை நீண்டது. பக்கத்தில் இருந்தவளின் புடவைத் தலைப்பைத் தொட்டது. ஒரு கணம் நின்றது. பிறகு தோளோடு சேர்த்து இறுக்கிப் பிடித்து அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அவன் கண் மூடியிருந்தது. முகத்தில் அத்தனை நிம்மதி! பரிசல் சுற்றிய ஒவ்வொரு சுற்றுக்கும் பிடி இறுகியதே தவிர விடவில்லை. அபிதாவும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக இருக்கிறார்கள், கனமான பெண்டாட்டி எதிரே ஒரு மூங்கில் குச்சியைப் பிடித்துக்கொண்டு செத்துக்கொண்டிருக்கிறாள்.

பரிசல் அமைதியான தண்ணீருக்கு வந்ததும் லோகநாதன் கண்ணைத் திறந்தான். பக்கத்தில் இருந்த முகத்தைப் பார்த்தான். நெருப்பைத் தொட்டவன் மாதிரி கையை உதறினான். எதிரே பெண்டாட்டியைப் பார்த்தான், கையைப் பார்த்தான், மறுபடி அந்தப் புடவையைப் பார்த்தான். திருடன் முழிப்பான் என்று கேள்விப்பட்டிருக்கிறோம், அது இப்படித்தான் இருக்கும் என்று ரேணுகாம்பாள் நினைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் வறுத்த மீனைத் தொடவில்லை. பொட்டலம் பிரித்த புளிச்சோற்றையும் தொடவில்லை. நனைந்த பட்டு உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு கருங்கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இழுத்தது. அதோடேயே வேனில் ஏறினாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ரேணு, இன்னா ஆச்சி?" என்று லோகநாதன் மெல்லக் கேட்டான்.

"எனக்கு இன்னா ஆவும்? உங்க கைக்குத்தான் நோவும். அவ்ளோ நேரம் இறுக்கிப் புடிச்சிகினு இருந்தீங்களே."

"அது வந்து... எனக்கே புரியல."

"புரிய வேணாம். நீங்க கம்முனு வாங்க."

அவன் நிஜமாகவே கம்மென்று வந்தான். அதுதான் அவளை இன்னும் கொளுத்தியது. தப்பில்லாதவன் இரண்டு வார்த்தை கத்த மாட்டானா?

மறுநாள் காலை, வாசல் தெளித்த கையோடு டிரங்குப் பெட்டியை இழுத்துப் போட்டாள். பிள்ளையின் துணி, தன் துணி, பால் புட்டி எல்லாம் உள்ளே போயின. ஈரப்பட்டு முற்றத்துக் கொடியில் தொங்கியது. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, இது நம்ம வாய்க்கு அடங்குகிற விஷயமில்லை என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயில் பக்கம் போய்விட்டாள்.

"எங்க கெளம்பற?" என்றான் லோகநாதன்.

"சேத்துப்பட்டுக்கு. எங்கம்மா வீட்டுக்கு. நீங்க மொதல்ல பாத்த பொண்ணு எதிர்லயே இருக்குது. ஜாதகம் ஒத்து வரலனா இன்னா, பரிசல் ஒத்து வந்துடுச்சில்ல!"

லோகநாதனுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளும் இவள் மனசில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதும் விளங்கியது. தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏய், நான் பரிசல் ஏறினதுலேர்ந்து கண்ணையே தொறக்கலடி! பயத்துல உசுரு போச்சி. ஏறும்போது நீதான் பக்கத்துல இருந்த. நடுவுல எடம் மாறினத யாரு கண்டது? அந்த எரைச்சல்ல ஒண்ணும் காதுல விழல. சுத்த ஆரம்பிச்சதும் நீ உழுந்துடப் போறியேனு கைய நீட்டினேன்."

"தொட்டதுமே தெரியலையா, இது வேற ஆளுனு?"

"தொட்டுப் பாத்துத்தான் நீனு நெனச்சேன்! பொடவ லேசா இருந்துச்சி."

ரேணுகாம்பாளின் கை பெட்டி மூடியிலேயே நின்றுவிட்டது.

"லேசா இருந்தா?"

"உன்னுதுதான் லேசு. வளகாப்புல கல்யாணப் பட்ட கட்டிகினு, கனம் தாங்கல, இடுப்பு விட்டுப் போவுதுனு அழுதியே, மறந்துட்டியா? அதான் உன்னோடதுக்கு மட்டும் குறுக்க ஓடற ஊடையில ஒரு இழைய கொறச்சேன். மூணு இழை போட வேண்டிய எடத்துல ரெண்டு. இழை கொறஞ்சா துணி தொளதொளனு ஆயிடுமேனு ஒவ்வொரு அடியும் நெருக்கி நெருக்கி அடிச்சேன். மத்த ரெண்டு பொடவையும் நெய்ஞ்ச நாளு, அது ஒண்ணுக்கே ஆச்சி. முதலாளி கூட ஏம்பா இவ்ளோ நாளுனு கத்தினாரு. அந்தப் பொடவ கைல பட்டா, தூக்கத்துலகூட எனக்குத் தெரியும்."

சொல்லிக்கொண்டே முற்றத்துக்குப் போய்க் கொடியில் கிடந்த புடவையைப் பிடித்தான். அவளுக்குக் காட்டத்தான் பிடித்தான். பிடித்தவன் நெற்றியைச் சுருக்கினான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தான். வெயிலில் தூக்கிப் பார்த்தான்.

"இது உன்னுது இல்லையே! இது மூணு இழை. இது அந்தம்மாவோடது."

ரேணுகாம்பாள் பெட்டி மூடியை மெல்லச் சாத்தினாள்.

"நேத்து லேசா இருந்தது அதனாலதானா! அடச்சே, ராத்திரியெல்லாம் மண்டைய ஒடச்சிகினு இருந்தேன்." அவன் முகம் சிவந்தது. அவனுக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் கழுத்து நரம்பு புடைக்கும். "குஞ்சம் கட்டக் குடுத்த எடத்துல மாத்திட்டாங்க! லேசா நெய்ஞ்சது எதுக்குனு அந்தம்மாகிட்ட நானே சொல்லித்தான் குடுத்தேன். தெரிஞ்சே மாத்தியிருக்காங்க. இன்னா மனுஷங்க? இரு, இப்பவே போய் தெருவுல வெச்சிக் கேக்கறேன்."

சட்டையை மாட்டினான். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.

சும்மா சொல்லக்கூடாது, ரேணுகாம்பாளின் நெஞ்சில் முதலில் பாய்ந்தது இனிப்புத்தான். போகட்டுமே! தெரு கூடட்டும். அந்தச் சிரித்த முகம் திருட்டுப் பட்டம் சுமந்து நிற்கட்டும். அதற்கப்புறம் அவள் எந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு எந்த வேனில் ஏறுவாள்? வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், இந்த ஜன்மத்துக்கும் எதிர்வீட்டுத் தொல்லை ஒழிந்தது. புருஷனும் அவள் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டான்.

லோகநாதன் தெருவின் நடுவுக்குப் போய்விட்டான். "வீரபாகு!" என்று அவன் குரல் கொடுத்தது உள்ளே கேட்டது. இழை குறைத்து, நெருக்கி நெருக்கி அடித்து, முதலாளியிடம் திட்டு வாங்கி நெய்தவனின் குரல். அந்தப் புடவையைத்தான், பட்டுத் திருடிவிட்டான் என்று நினைத்துத் தன் கையாலேயே தூக்கி அடுத்தவளுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அடுத்த கணம் தலைமுடி அவிழ வாசலுக்கு ஓடினாள்.

"ஏங்க! நில்லுங்க! மொதல்ல உள்ள வாங்க!"

அவன் திரும்பி வந்தான். கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"அவ மாத்தல. நான்தான் மாத்தினேன்."

"நீயா? ஏன்?"

"இது கனமா இருந்திச்சி. எனுக்கு கொறச்சி, அவளுக்கு ரொப்பி நெய்ஞ்சிட்டீங்கனு நெனச்சிட்டேன்."

லோகநாதன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தறிக்குழியில் போய் இறங்கினான். "என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே ரேணு" என்று மட்டும் சொன்னான். பிறகு தறிச் சத்தம்தான் கேட்டது.

பட்டு காய்ந்ததும் மடித்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். வீரபாகு கடைக்குப் போயிருந்தான். அபிதா பாயில் உட்கார்ந்து யாருடைய புடவைக்கோ குஞ்சம் முடிந்துகொண்டிருந்தாள். ரேணுகாம்பாள் கையில் இருந்ததைப் பார்த்ததும் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். லேசான புடவையைக் கொண்டுவந்து பாயில் வைத்தாள்.

"அது... குஞ்சம் கட்டின அன்னிக்கி மாறிப்போச்சி போல" என்று ரேணுகாம்பாள் ஆரம்பித்தாள்.

"மாறலக்கா. நீங்கதான் மாத்துனீங்க. அடுப்பாண்டயிருந்து பாத்துகினுதான் இருந்தேன்."

ரேணுகாம்பாளுக்கு முகம் விழுந்துவிட்டது. "பாத்தியா? அப்பவே கேக்கறதுக்கு இன்னா?"

"கேட்டா திருப்பிக் குடுத்திருப்பீங்க. அதான் கேக்கல."

அடுப்பில் ஏதோ கொதித்தது. அபிதா போய் இறக்கி வைத்துவிட்டு வந்தாள். வரும்போது கையில் இரண்டு காபி டம்ளர் இருந்தது.

"அபிதா, நான் நேராவே கேட்டுடறேன். உனுக்கு எங்கூட்டுக்காரரு மேல..."

"ஐயோ, போங்கக்கா!" என்று அவள் சிரித்தாள். "அன்னிக்கி பொண்ணு பாக்க வந்தப்ப தலைய குனிஞ்சிகினு சொஜ்ஜி வெச்சேன். அவரு மூஞ்சியக்கூட பாக்கல. எனுக்கு அவரு மேல ஆசையில்ல. இந்த லேசு மேலதான் ஆச."

ரேணுகாம்பாள் பாயில் உட்கார்ந்தாள்.

"குஞ்சத்துக்கு கொண்டாந்து குடுக்கும்போது சொன்னாரு. 'அவளுக்கு கனம் ஆவாதும்மா, இழைய கொறச்சிருக்கேன், குஞ்சத்தையும் பாத்து லேசா கட்டுங்க'ன்னு. எனுக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. எங்கூட்டுக்காரரும்தான் எனக்கு பட்டு வாங்கியாந்தாரு. இன்னா கலருனு இன்னிக்கி கேட்டா அவருக்கு சொல்லத் தெரியாது. நீங்க மாத்திட்டுப் போனதும், சாமியே குடுத்துச்சினு வெச்சிகினேன். ஒரே ஒரு நாளு கட்டிப் பாக்கலாம்னு பரிசலுக்கு கட்டினேன். நீங்களும் அன்னிக்கே கட்டிகினு வருவீங்கனு கண்டேனா?"

"உன் மேல நான் இத்தினி நாளா..." ரேணுகாம்பாள் லேசான புடவையின் கரையைத் தடவினாள்.

"எனுக்குத் தெரியும்க்கா. நானும்தான் உங்க மேல." அபிதா முடிந்துகொண்டிருந்த குஞ்சத்தை மறுபடி கையில் எடுத்தாள். தலை நிமிராமலே சொன்னாள். "பரிசல் சுத்தும்போது ஒரு கை வந்து தோளப் புடிச்சிது. நான் கண்ண மூடிகினு இருந்தேன். எங்கூட்டுக்காரரு எப்படியோ இந்தப் பக்கம் நகந்து வந்து புடிச்சிகினாருனு நெனச்சேன். பயமே போயிடுச்சி எனக்கு. அப்பறம் கண்ணத் தொறந்து பாத்தேன். அவரு எதிர்ல ரெண்டு கையாலயும் கேமராவ நெஞ்சோட அணைச்சிகினு உக்காந்திருந்தாரு. அதுமேல ஒரு பொட்டு தண்ணி படல."

லேசான புடவையை ரேணுகாம்பாள் பக்கம் நகர்த்தினாள். கனமானதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எடுத்துகினு போங்க. காபி குடிச்சிட்டுப் போங்கக்கா. அன்னிக்கும் குடிக்காமயே போயிட்டீங்க."

ரேணுகாம்பாள் டம்ளரை எடுத்தாள். காபி ஆறிப்போயிருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.